கொழுத்த கிளி

கிளி என்ற அளவிலே நம் நினைவிற்கு வருவன அதன் மழலையும், வளைந்த மூக்கும், தலையைச் சாய்த்து நம்மைப் பார்க்கும் பார்வையுமே. அதன் எடை இன்னதென்று எண்ணிப் பார்ப்பார் அரியர். யாமும் சென்ற ஆண்டின் கோடை விடுமுறை வரை அதனை எண்ணினோமல்லோம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்குக் கிளியின் எடையோடு என்ன தொடர்பு என்று விடுதி நண்பர் சிலர் நகைத்தனர். அவர் நகைப்பின் நகைக்க. கொழுப்பு மிகுந்து மூச்சிரைக்கும் ஒரு சிற்றுயிரைக் கையில் ஏந்திய பின் எமக்கு நகைப்பு வரவில்லை. வீட்டுக் கிளி பருத்துக் கெடுவது அதன் பெருந்தீனி விருப்பத்தாலன்று. அது செய்ய வேண்டிய வேலையை நாம் பறித்துக்கொண்டு, அவ்விடத்தில் உணவை நிரப்பி வைத்தமையால் என்பதே யாம் இங்குக் கூற விரும்புவது.

முதற்கண் ஒன்று சொல்லிவிடுதல் வேண்டும். யாம் பேசப்போவது நம் தோப்புகளிலும் கோபுரங்களிலும் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் பச்சைக்கிளியைப் பற்றியன்று. அதனைப் பிடித்தலும் விற்றலும் கூண்டிலடைத்தலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். இஃதறியாது இன்றும் பலர் வளர்க்கின்றனர். அறிந்தும் வளர்ப்பவர் உளர். அவர்களுக்கு எடைக்குறைப்பு முறை கூறுவது எம் வேலையன்று. யாம் கூறுவது ஆஸ்திரேலிய நாட்டிற் பிறந்து, பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே இனம் பெருகி, இன்று நம் கடைத்தெருக்களில் விற்கப்படும் காக்கட்டீல் என்னும் கொண்டைக்கிளியைப் பற்றியாம். சாம்பல் நிறவுடலும், மஞ்சட் கொண்டையும், கன்னத்தில் செம்மஞ்சட் பொட்டும் உடைய அதனை நம்மூரார் 'காக்டெயில்' என்றே அழைப்பர். நல்ல நிலையிலுள்ள காக்கட்டீல் ஒன்று ஏறக்குறைய 90 கிராம் எடையிருக்கும். எம் பாட்டனார் வீட்டுப் பறவையாகிய முத்துவை முதன்முதல் தராசிலேற்றியபோது அது 124 கிராம் காட்டிற்று. முப்பத்து நான்கு கிராம் ஒரு பொருட்டோ எனலாம். 60 கிலோ இருக்க வேண்டிய ஒருவர் ஏறக்குறைய 83 கிலோ இருப்பதற்கு அஃது ஒப்பாகும்.

பாட்டனார் நாசரேத்தில் வாழ்பவர். தலைமையாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். பாட்டியார் 2021ஆம் ஆண்டிற் காலமான பின், வீட்டில் பேச்சொலியே அற்றுப் போயிற்றென்று எம் மாமனார் இப்பறவையை வாங்கிக் கொடுத்தார். அன்று தொட்டு முத்துவே பாட்டனார்க்குத் துணை. விடியற்காலையில் அவர் தேநீர் அருந்த அமரும்போது அது தோளிலே வந்தமரும். அவர்க்கு நீரிழிவு உண்டு, இனிப்பு விலக்கப்பட்டது. ஆகவே தமக்கு விலக்கப்பட்ட பிஸ்கோத்தைத் தேநீரில் நனைத்து முத்துவிற்கு ஊட்டி, அது உண்ணும் அழகைக் கண்டு தாம் உண்டதுபோல் மகிழ்வார். இதனைக் குற்றமென்று கூற எவர்க்கு மனம் வரும்? எமக்கும் வரவில்லை. ஆனால் சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் யாம் அங்குச் சென்றபோது, தோளிலிருந்து நாற்காலிக் கைக்குத் தாவிய முத்து, அவ்வளவிற்கே வாய் திறந்து, வால் மேலும் கீழும் அசைய, நெடுநேரம் மூச்சு வாங்கிற்று. பாட்டனார், "வயசாகுதில்லையா ஐயா, என்னைப்போல" என்றார். அதற்கு வயது நான்கு. காக்கட்டீல் நன்கு பேணப்படின் இருபதாண்டு வரையும் வாழக் கூடியது.

அன்றிரவு யாம் ஒரு காரியம் செய்தோம். வீட்டிலுள்ளார் ஒவ்வொருவரும் முத்துவிற்கு நாளொன்றுக்கு என்னென்ன கொடுக்கின்றனர் என்று கேட்டு ஒரு தாளில் எழுதினோம். பாட்டனார், "ஒரு துண்டு பிஸ்கோத்து, அவ்வளவே" என்றார். அத்தையார், சமைக்கும்போது சோறு ஒரு பிடியும் தேங்காய்த் துருவல் சிறிதும் என்றார். அத்தை மகன் பள்ளி விட்டு வந்து தான் தின்னும் வறுவலிற் பங்கு கொடுப்பதை முதலில் மறைத்துப் பின் ஒப்புக்கொண்டான். வீட்டு வேலைக்கு வரும் அம்மையார் நாள்தோறும் வறுத்த நிலக்கடலை நான்கு கொண்டுவருவது அன்றுதான் எல்லார்க்கும் தெரிந்தது. கிறிஸ்துமஸ் பலகாரம், கலியாண வீட்டு முறுக்கு முதலியன தனி. இவையனைத்திற்கும் மேலாகக் கூண்டினுள்ளே, ஒருபோதும் வெறுமையாகாத ஒரு கிண்ணம் நிறையச் சூரியகாந்தி விதை. ஒவ்வொருவரும் தாம் ஒருவரே கொடுப்பதாகவும், தாம் கொடுப்பது சிறிதே எனவும் எண்ணியிருந்தனர். தாளைப் படித்து முடித்தபோது கூடத்தில் ஒருவரும் பேசவில்லை.

சூரியகாந்திப் பருப்பு 100 கிராமில் ஏறத்தாழப் பாதி கொழுப்பாகும், நிலக்கடலையும் அத்தகையதே. தினையிலோ 100 கிராமிற்கு நான்கு கிராமளவே கொழுப்பு. இவ்விரண்டையும் ஒரு கிண்ணத்திற் கலந்து வைத்தாற் பறவை எதனைப் பொறுக்கி உண்ணும் என்பதைச் சொல்ல வேண்டா. பந்தியில் அப்பளமும் பாயசமும் முன்னே இருக்கக் கீரையை முதலில் உண்பார் நம்முள் எத்தனை பேர்? விதையையே உண்டு வாழும் பறவைக்கு உயிர்ச்சத்து ஏ என்பதும் சுண்ணாம்புச் சத்தும் போதிய அளவு கிடைப்பதில்லை. கொழுப்போ தேவைக்கு மேற்சென்று கல்லீரலிற் படிகின்றது. உடலோ பருமன், உள்ளோ வறுமை. அன்றியும் அளவைப் பற்றிய நம் கண் நம்மை ஏமாற்றும். அரைக் கிராம் எடையுள்ள நிலக்கடலைப் பருப்பு ஒன்று 90 கிராம் பறவைக்கு அதன் எடையில் 180இல் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள மனிதர்க்கு அவ்விகிதப்படி கொடுப்பின் 333 கிராம் கடலை கொடுத்தல் வேண்டும். சிற்றுயிர்களின் உடல் நம்முடலினும் விரைவாக உணவை எரித்துவிடுமாதலின் இவ்வொப்புமை முற்றும் பொருந்தாதென்பதை யாம் அறிவோம். ஆயினும் 'ஒன்றே ஒன்றுதானே' என்று நீட்டும் கையைச் சற்று நிறுத்தற்கு இக்கணக்குப் போதுமானது.

தினை என்றவுடன் எம் வகுப்பறை நினைவிற்கு வருகின்றது. குறிஞ்சித்திணைப் பாட்டுக்களைப் பயில்வார்க்குக் கிளியும் தினைப்புனமும் பிரிக்கலாகாதன. கிளி கடிதலையே பொருளாக வைத்து ஐங்குறுநூற்றிற் கபிலர் பத்துப் பாட்டுப் பாடியிருக்கின்றார்; அதற்குக் கிள்ளைப்பத்து என்றே பெயர். குளிர், தட்டை, கவண் முதலிய கருவிகளைக் கொண்டு தலைவியும் தோழியும் பகலெல்லாம் கிளிகளை ஓட்டுவர். அவை எழுந்து பறந்து, வட்டமிட்டு, மறுபடியும் வந்து கதிரிற் படியும். இப்பாட்டுக்களைத் தேர்வுக்காகப் பன்முறை படித்த யாம், அக்கிளிகள் என்ன உண்டன, எத்துணைத் தூரம் பறந்தன என்று ஒருகாலும் எண்ணியதில்லை. அவை உண்டது தினை. கொழுப்புக் குறைந்த தானியம். அதனையும் ஒரு கதிருக்கு ஒருமுறை துரத்தப்பட்டு, பறந்து, வந்து உண்டன. அக்கிளிகளுள் ஒன்றேனும் மூச்சிரைத்திருக்குமா? மூவேந்தர் பாரியின் பறம்பை முற்றியிருந்தபோது கபிலர் கிளிகளைப் பழக்கி, அவை வெளியே சென்று நெற்கதிர் கொணர்ந்து அரணுள்ளாரை உண்பித்தன என்றொரு செய்தி வழங்குகின்றது. அகநானூற்றில் ஔவையார் பாட்டு அதனைக் குருவியினம் என்றே கூறும், பின்னுள்ளோர் கிளியென்றனர். எதுவாயினும் ஆகுக. காலையிற் சென்று மாலையில் மீளுமளவு பறத்தல் பறவைக்கு இயல்பென்று அக்காலத்தார் அறிந்திருந்தனர்.

முத்துவின் முன்னோரும் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டிற் புல்விதையையே உண்டு, நீரையும் விதையையும் தேடி இடம்விட்டு இடம் பறந்து திரிந்தவை. ஆதலின் விதை நஞ்சன்று. வானமில்லாத விதையே நஞ்சாகின்றது. கடையில் வாங்கும்போதே சிறகின் நீண்ட இறகுகளைக் கத்தரித்துக் கொடுத்தனராம். கூண்டோ உயரமாயும் வட்டமாயும் காண்பதற்கு அழகாயும் உள்ளது. அதனுள் முத்து இரண்டு முறை சிறகடிக்கவும் இடமில்லை. பறவை மேலேறுவதினும் பக்கவாட்டிற் பறப்பதாகலின், கூண்டு அகலமாயிருத்தலே வேண்டுவது. அக்கடைக்காரர் சூரியகாந்தி விதையையே நல்ல தீனியென்று மாதந்தோறும் கொடுத்து வந்தார். விற்பவர் அறியாதாராயின் கற்க வேண்டும். அறிந்தும் கூறாதவராயின் அவர் பறவை விற்கத் தகாதவர் என்பது எம் துணிபு.

இனி, 'கொழுகொழுவென்று இருந்தால் என்ன? அழகுதானே' என்பார்க்கு ஒரு சொல். நம் நாட்டில் மெலிவு வறுமையின் அறிகுறியாகவே நெடுங்காலம் இருந்தமையாற் பருமனைப் புஷ்டியென்று போற்றும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியுள்ளது. குழந்தையையும் அவ்வாறே பார்க்கின்றோம். மாட்டையும் அவ்வாறே பார்க்கின்றோம். இறகு போர்த்த பறவையிலோ பருமனும் தெரிவதில்லை, மெலிவும் தெரிவதில்லை. கையாற் றொட்டே அறிதல் வேண்டும். பறவை மருத்துவம் அறிந்த ஒருவரிடம் முத்துவைக் கொண்டுசென்றபோது அவர் எமக்கு அதனைக் காட்டினார். மார்பின் நடுவே படகின் அடிமரம்போல ஓர் எலும்பு ஓடுகின்றது. நல்ல நிலையில் அதன் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படும். இருபுறமும் தசை சற்றே வளைந்து நிற்கும். மெலிந்த பறவையில் அது கத்திபோற் புடைக்கும். முத்துவிடம் அவ்வெலும்பைத் தேடவேண்டியிருந்தது. வயிற்றின் இறகைச் சிறிது நனைத்து விலக்கியபோது தோலின் கீழே வெண்ணெய்போல் மஞ்சளாகக் கொழுப்புத் தோன்றிற்று. மூக்கின் நுனி அளவுக்கு மிஞ்சி வளர்ந்திருப்பதையும் அவர் காட்டி, கல்லீரல் கெட்ட பறவைகளில் இவ்வாறு காணலாமென்றார். பாட்டனார் ஒன்றும் கூறாது அருகில் நின்றார். திரும்பி வரும் வழியெல்லாம் கூண்டைத் தம் மடியிலேயே வைத்திருந்தார்.

யாம் அடுத்துச் செய்தது பெரும்பிழை. அதனை மறைப்பதிற் பயனில்லை. மருத்துவர் மெல்ல மெல்ல மாற்றுக என்று கூறியிருந்தும், அரைகுறையாகப் படித்த அறிவின் செருக்கால் மறுநாளே விதைக் கிண்ணத்தை அகற்றிவிட்டு, கீரையும் காரட்டும் புதுத் தீனியுமாகக் கூண்டை நிரப்பினோம். பாட்டனார் தடுத்தார். "பசிச்ச வாய்க்கு இல்லைன்னு சொல்லி எனக்குப் பழக்கமில்லை ஐயா" என்றார். யாம் அவரது அன்பை அறியாமையென்று கருதி, சற்றுக் கடுமையாகவே மறுமொழி கூறினோம். நான்கு நாளில் முத்து 124 கிராமிலிருந்து 113 கிராமாயிற்று. யாம் வெற்றியென்று மகிழ்ந்தோம். பாட்டனாரோ அதன் எச்சம் குறைந்திருப்பதையும், அது இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருப்பதையும் கண்டு தாமே மருத்துவர்க்குத் தொலைபேசியிற் கூறினார். முத்துவிற்குக் கீரை உணவென்றே தெரியாது. பிறந்தது முதல் விதையையன்றி வேறொன்றையும் அது உணவாகக் கண்டதில்லை. உணவின் நடுவே அது பட்டினி கிடந்தது. கொழுத்த பறவையைத் திடீரெனப் பட்டினி போட்டால் உடலிலுள்ள கொழுப்பெல்லாம் ஒருங்கே கல்லீரலுக்குச் சென்று அதனைக் கொன்றுவிடக் கூடும் என்று மருத்துவர் எம்மைக் கடிந்தார். பத்தில் ஒரு பங்கு எடை விரைவிற் குறையின் அது வெற்றியன்று, ஆபத்து. அன்று பாட்டனார் தம் கையால் விதையை எடுத்து ஊட்டி அதனைக் காப்பாற்றினார். அவர் எம்மை ஒரு சொல்லும் கூறவில்லை. கூறியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஆகவே எடை குறைக்க விரும்புவோர் முதலில் வாங்க வேண்டுவது தராசு. கிராம் காட்டும் சமையலறை மின்தராசே போதும். அதன் மேல் ஒரு சிறு கோலைப் பொருத்திப் பறவையை அமரப் பழக்கலாம். காலையில், எச்சமிட்ட பின், உணவுக்கு முன், நாள்தோறும் ஒரே வேளையில் நிறுத்து ஒரு குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். பறவைகள் தம் நோயை மறைக்கும் இயல்பின. கண்ணுக்குத் தெரியும் முன்னரே தராசு காட்டிவிடும். முத்துவிற்கு வாரத்திற்கு ஒரு கிராமளவே குறையலாமென்று விதிக்கப்பட்டது. சில வாரம் அதுவும் குறையவில்லை. யாரோ மறைவில் ஊட்டினர் என்பது வெளிப்படை. யாரென்று யாம் ஆராயவில்லை.

உணவு மாற்றம் மூன்று மாதம் நடந்தது. சூரியகாந்தியை ஒவ்வொரு வாரமும் சிறிது குறைத்து, அவ்விடத்தில் தினை, சாமை, கம்பு முதலியவற்றைச் சேர்த்தோம். 'பெல்லெட்' என விற்கப்படும் ஆலைத் தீனி, தானியம், பருப்பு, உயிர்ச்சத்து ஆகியவற்றை அரைத்துச் சமனாகக் கலந்து திரட்டியதாகலின், பறவை அதில் ஒன்றைப் பொறுக்கி ஒன்றைத் தள்ள இயலாது; அதுவே அதன் சிறப்பு. முதலில் அதனைப் பொடித்து ஈரத் தினையின் மேல் தூவினோம். முருங்கைக்கீரையை முத்து முதன்முதல் உண்டது எவ்வாறெனில், பாட்டனார் தாம் அதனை மென்று சுவைப்பதுபோல் அதன் முன் நடித்துக் காட்டிய பின்னரே. கூட்டமாக வாழும் பறவை பிறர் உண்பதைக் கண்டு உண்ணும். இதனை எமக்குப் புத்தகம் சொல்லவில்லை, அவரே கண்டுபிடித்தார். முளைகட்டிய பச்சைப்பயறு, துருவிய காரட்டு, பூசணி, பச்சைமிளகாய் எல்லாம் பின்னர் வந்தன. மிளகாயின் காரம் பறவைகளின் நாவிற்கு உறைப்பதில்லை. நாம்தான் அதனைத் தண்டனையாக எண்ணி இரங்குகின்றோம். சுண்ணாம்புச் சத்திற்குக் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைக் கழுவிக் காயவைத்துக் கூண்டிற் கட்டினோம். உப்பிட்ட பண்டம், சாக்லேட், வெண்ணெய்ப்பழம் என்னும் அவகேடோ, காப்பி இவை எக்காரணத்தாலும் கொடுக்கத்தகாதன. மற்றுமொரு எச்சரிக்கை: விதையுண்ணும் பறவை உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். மேலே பார்க்க நிறைந்திருக்கும். ஊதிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமிராது. அளவிட்டுக் கொடுப்போர் இதனை மறந்தாற் பட்டினி நேரும்.

உணவைக் குறைத்தது இவ்வளவே. ஆனால் யாம் பெரிதாகக் கருதுவது அடுத்ததையே. முன்பு முத்து நாள் முழுதும் செய்யவேண்டிய வேலை ஒன்றுமில்லை. கிண்ணத்திற் றலையைக் குனிந்தால் உணவு, கத்தினால் பிஸ்கோத்து. அது கத்தியது பசியாலன்று, தனிமையாலும் சலிப்பாலும் என்பதை யாம் பின்னரே உணர்ந்தோம். நாம் அதற்கு வேண்டிய துணையைக் கொடாது தீனியைக் கொடுத்து வாயடைத்தோம். ஆகவே தீனியை மறைத்து வைக்கத் தொடங்கினோம். பனையோலையை மடித்து அதனுள்ளே தினை. துளையிட்ட கொட்டாங்கச்சியில் பயறு. தாளிற் சுற்றிய ஒரே ஒரு சூரியகாந்தி விதை. எளிதிற் கிடைக்கும் உணவு அருகிலிருக்கவும் உழைத்துப் பெறும் உணவையே சில வேளை நாடும் இயல்பு கிளியினத்திற்கு உண்டென்று ஆப்பிரிக்கச் சாம்பற்கிளிகளை ஆராய்ந்தோர் கண்டிருக்கின்றனர். முத்துவும் முதல் வாரம் ஓலையைக் கண்டு அஞ்சிற்று. மூன்றாம் வாரம் காலையில் ஓலை வரத் தாமதித்தாற் கூண்டுக்கம்பியைத் தட்டிற்று.

பறத்தலுக்கோ காத்திருக்க வேண்டியிருந்தது. கத்தரித்த இறகு மீண்டும் வளராது. பழையது உதிர்ந்து புதியது முளைத்தல் வேண்டும். அதுவரை விரலில் இருத்திக் கையை மெல்லத் தாழ்த்தினால் அது சிறகடிக்கும், அதுவே பயிற்சி. ஐப்பசியில் இறகு வளர்ந்த பின், கூடத்தின் ஒரு முனையிற் பாட்டனாரும் மறுமுனையில் யாமும் நின்று, இருவர்க்குமிடையே அதனைப் பறக்கவிட்டோம். தொடக்கத்தில் மூன்றடி, தையில் பதினெட்டடி. ஒவ்வொரு முறையும் பரிசு ஒரு விதைத் துணுக்கு. நாட்கணக்கிற் சேரவேண்டிய சூரியகாந்தி முழுவதும் இவ்வாறே செலவாயிற்று, கிண்ணத்தில் ஒன்றுமில்லை. வாய் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிறுத்திவிடுவோம். மின்விசிறியின் விசையை நிறுத்தி, அதன் மேல் ஒரு துணியைக் கட்டிய பின்னரே கூண்டைத் திறப்பது வழக்கம். நம் வீடுகளிற் பறவைக்கு அதனினும் பெரிய பகை வேறில்லை. சாளரங்களை அடைத்தலும், கண்ணாடியை மூடுதலும், சமையலறைக் கதவைச் சாத்துதலும் அவ்வாறே. நான்ஸ்டிக் சட்டி மிகக் காய்ந்தால் எழும் ஆவி பறவையைச் சிறுபொழுதிற் கொன்றுவிடும்.

ஒரு கிளிக்கு இத்துணைத் தொல்லையோ, கிராம் கிராமாக நிறுப்பது செல்வர் வீட்டு வீண் ஆடம்பரமன்றோ என்று கேட்பார்க்கு நியூசிலாந்து நாட்டிற் காகாப்போ என்னும் கிளியின் வரலாற்றைக் கூறுவோம். அது பறக்கமாட்டாத இரவுக்கிளி. கிளிகளுள் மிகக் கனத்தது. 1995இல் உலகம் முழுவதும் 51 பறவைகளே எஞ்சியிருந்தன. அவை மிகுதியாக இனம் பெருக வேண்டுமென்று காப்பாளர் பெட்டைகளுக்கு மேலுணவு கொடுத்தனர். உண்டு கனத்த பெட்டைகள் ஈன்ற குஞ்சுகளிலோ ஆணே மிகுந்தது. ஏற்கெனவே பெட்டை குறைந்த இனத்திற்கு அது பெருங்கேடு. பின்னர் 2002 முதலாக ஒவ்வொரு பெட்டையையும் நிறுத்து, அதன் எடைக்கேற்ப உணவை அளந்து கொடுத்த பின்னரே அக்குறை நீங்கிற்று. 2022இல் அவை 252 ஆயின. கண்ணளவாற் கொடுத்த அன்பு செய்த பிழையைத் தராசு திருத்திற்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்னொரு சாரார், எம் வகுப்புத் தோழர் ஒருவர் அவர்களுள் தலையாயவர், "கூண்டைத் திற, எடை தானே குறையும்" என்பர். பச்சைக்கிளியைப் பற்றியாயின் யாமும் அவரோடு உடன்படுகின்றோம். அதனையும் வனத்துறையார் வழியாகவே செய்தல் வேண்டும். ஆனால் முத்து பிறந்தது கூண்டில். அதன் இனத்தின் நாடு கடல் கடந்தது. நாசரேத்தின் தெருவில் அதனை விடுவது விடுதலையன்று, காக்கைக்கு இரையிடுதல். வாங்காதிருத்தல் மேல் என்று கூறின் ஒப்புவோம். எம் வீட்டில் இனியொரு பறவை வாங்குவதில்லையென்று தீர்மானமும் செய்துள்ளோம். இருக்கின்ற ஒன்றிற்கு அதன் வானத்தில் பதினெட்டடியேனும் திருப்பிக் கொடுத்தல் நம் கடன்.

இவ்வாண்டு தைப்பொங்கல் விடுமுறையில் முத்து 98 கிராம் இருந்தது. மார்பெலும்பு விரலுக்குத் தட்டுப்படுகின்றது. மூச்சிரைப்பு இல்லை. கூடத்தின் குறுக்கே நாளொன்றுக்கு இருபது முறை நடந்து நிற்பதால் பாட்டனார்க்கும் காலில் இருந்த மரமரப்புக் குறைந்ததென்று அவரே கூறினார். குறிப்பேடு இப்போது அவர் பொறுப்பில் உள்ளது. தலைமையாசிரியர் கையெழுத்தில் தேதியும் எடையும் பிழையின்றி வரிசையாக எழுதப்படுகின்றன. அதனைப் புரட்டிப் பார்த்தபோது யாம் ஒன்று கண்டோம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடை ஒரு கிராம் கூடியிருக்கின்றது; புதனுக்குள் இறங்கிவிடுகின்றது. ஞாயிறன்று ஆராதனை முடிந்து வந்து அவர் தேநீர் அருந்துவது வழக்கம். யாம் ஒன்றும் கேட்கவில்லை. குறிப்பேட்டை மூடி ஆணியில் மாட்டிவிட்டோம்.